முட்டையை நிறுத்திய சொல்: எலும்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இந்த நிகழ்வு படுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு பையனைப் பற்றியது. தொடை எலும்பில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஏறக்குறைய 6 வாரம் அவன் முட்டை, மீன், பால், பருப்பு எதையும் சாப்பிடவில்லை. கொடுக்காமல் விட்டவர் அவனுடைய அம்மா. அவர் அப்படிச் செய்யக் காரணம், நோயைப் பற்றி நான் சொன்ன ஒரு விளக்கம்.

நான் கிழக்கில் ஒரு வைத்தியசாலையில் வைத்திய அதிகாரி. பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பையனுக்கு 15 வயது, 10 ஆம் ஆண்டு. மூன்று பிள்ளைகளில் மூத்தவன். அப்பா வேளாண்மை செய்பவர். போகம் முடிந்தால் மேசனுக்குக் கையாளாகப் போவார். அம்மா வீட்டில் கோழி வளர்த்து முட்டை விற்கிறார். தாய்மாமன் ஒருவர் வாவியில் வலை போடுகிறார். காசுக்குத் தட்டுப்பாடு இருந்த வீடு, ஆனால் முட்டைக்கும் மீனுக்கும் தட்டுப்பாடு இல்லாத வீடு.

பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது விழுந்தான். இடது முழங்காலுக்குச் சற்று மேலே நோ. எல்லாரும் விழுந்ததையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் விழுந்ததால் இந்த நோய் வருவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்ததை விழுந்தது வெளியே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். வெளிநோயாளர் பிரிவு ஒன்றில் இரண்டு தடவை காட்டினார்கள். இரண்டு தடவையும் நோக் குளிசையும் பூசுமருந்தும் கிடைத்தன. படம் எடுக்கவில்லை. பகலில் ஓடி ஆடித் திரிந்தவன் இரவில் நோவால் எழும்பி உட்கார்ந்திருக்கிறான். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எழுப்புகிற எலும்பு நோவு வளரும் பிள்ளைக்கு இருந்தால், அதை யாரும் இலேசாக எடுக்கக்கூடாது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அப்புறம் முறிவு வைத்தியம். பக்கத்து ஊர்ப் பரியாரியார் எண்ணெய் போட்டுப் பற்றுக் கட்டினார். மூன்றாவது கட்டு அவிழ்த்தபோது வீக்கம் கூடியிருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது முறிவுமில்ல நெரிவுமில்ல. நான் உருவக் கூடாத வீக்கம் இது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் படம் எடுங்க" என்று காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நோயைச் சந்தேகித்த முதல் ஆள் அவர்தான். முதல் நோவிலிருந்து முதல் எக்ஸ்ரே வரைக்கும் 11 வாரம் போயிருந்தது.

முதல் நாள் கண்டவை

இடது தொடையின் கீழ்ப்பகுதி வலதைவிடச் சுற்றளவில் 4 சென்டிமீற்றர் கூட. தொட்டால் சூடு. தோலுக்குக் கீழே இரத்த நாளங்கள் நீலமாகத் தெரிந்தன. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முழங்காலை நெருங்கும் இடம் சில பகுதியில் அரித்தும் சில பகுதியில் அடர்த்தியாகியும் கிடந்தது. அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சூரியக் கதிர் போல மெல்லிய கோடுகள். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஓரத்தில் முக்கோணமாகக் கிளம்பியிருந்தது. பதின்ம வயது, வேகமாக வளரும் எலும்பு முனை, இந்தப் படம். மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்.

இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் லீற்றருக்கு 786 அலகு. இது எலும்பைக் கட்டும் கலங்கள் உண்டாக்குகிற ஒரு நொதியம், அதாவது ஒரு புரதம். வளரும் பிள்ளைகளில் இது இயல்பாகவே பெரியவர்களைவிடக் கூட இருக்கும். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்லவும் முடியாது, இல்லையென்று விடவும் முடியாது. எல்.டி.எச். என்ற இன்னொரு நொதியமும் கூடியிருந்தது. நிறை 48.2 கிலோ. இரத்தத்தில் ஓடும் முக்கியப் புரதமான அல்புமின் லீற்றருக்கு 41 கிராம், நல்ல அளவு. நிறையும் அல்புமினும் பிறகு திரும்ப வரும்.

அன்றைக்கு எடுத்த முடிவு, பயொப்சியை, அதாவது சோதனைக்காகக் கட்டியில் ஊசியால் எடுக்கும் துண்டை, இங்கே அவசரப்பட்டு எடுக்காமல் விடுவது. ஊசி போகிற பாதையில் புற்றுக்கலங்கள் ஒட்டிக்கொள்ளலாம். அந்தப் பாதையையும் பிறகு சத்திரசிகிச்சையில் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஆகவே கடைசியில் வெட்டப்போகிற வைத்தியரின் திட்டப்படிதான் ஊசி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். பிழையான இடத்தில் போட்ட ஒரு துளையால் காப்பாற்றக்கூடிய காலை இழக்க நேரலாம்.

"துண்டு எடுத்தா பரவும் எண்டு சொல்றாங்களே டொக்டர்" என்று அப்பா கேட்டார். எங்கள் பக்கத்தில் பல பேரை வராமல் ஆக்கிவிடுகிற பயம் இது. முறையாக எடுத்தால் பரவாது, எடுக்காவிட்டால் எந்த மருந்து என்று தெரியாது என்று சொன்னேன். சரி என்றார். அடுத்த கிழமையே கடிதத்தோடு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து பட்டணத்துக்கு வருவது இலகுவாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் ஒரு முழு இரவு, நோகிற காலை நீட்ட இடமில்லாமல்.

உறுதியான நோய்

பயொப்சியில் உயர் தர, அதாவது வேகமாக வளரும் வகை, ஒஸ்டியோசார்கோமா என்று வந்தது. எலும்பு சுண்ணாம்பால் கடினமாகிறது, ஆனால் அந்தச் சுண்ணாம்பு படிகிற வலைப்பின்னல் கொலாஜன் என்ற புரதம். சுண்ணாம்பு படியாத பச்சை எலும்பைப் புற்றுக்கலங்களே உண்டாக்கியிருக்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்த நோயை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். எலும்பு கட்டும் கலங்களில் இருக்கிற சாட்பி2 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததிலும் அதுவே தெரிந்தது.

இந்த நோய் முதலில் பரவும் இடம் நுரையீரல். நெஞ்சு சி.டி.யில் எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் கட்டிக்கு வெளியே தப்பியிருந்தன. காலை வெட்டாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. குடும்பத்தில் சின்ன வயதில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா என்றும் கேட்டோம். கலங்கள் கட்டுமீறி வளராமல் காக்கும் பி53 என்ற புரதத்துக்கான மரபணுப் பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். இவர்களிடம் அப்படி ஒரு வரலாறு இல்லை.

நான் சொன்ன விளக்கம்

மகரகமவில் மருந்து தொடங்குமுன் அறிக்கைகளோடு அப்பாவும் அம்மாவும் என்னிடம் வந்தார்கள். அங்கே சிங்களத்திலும் அரைத் தமிழிலும் சொன்னது முழுதாக விளங்கவில்லை, நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கள் என்றார்கள். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்து, அரை மணித்தியாலம் பேசினேன். நன்றாக விளக்கினேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

பி53 இல் தொடங்கினேன். 1979 இல் கண்டறியப்பட்ட புரதம். நிறை 53 கிலோடால்டன் என்று அளந்ததால் அந்தப் பெயர். கலம் இரண்டாகப் பிரியுமுன் அதன் டி.என்.ஏ.யில் பழுது உண்டா என்று பார்ப்பது அதன் வேலை. பழுது இருந்தால் பிரிவை நிறுத்தும். திருத்த முடியாத பழுது என்றால் கலத்தையே சாகச் செய்யும். அப்பாவுக்கு இதை வட்டவிதானையை வைத்துச் சொன்னேன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யார் எப்போது விதைக்கலாம் என்று பார்க்கிற ஆள். அவர் இல்லாவிட்டால் ஆளாளுக்கு வரம்பை வெட்டுவார்கள். ஆர்.பி. என்ற இன்னொரு புரதம் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு போல, திறக்கும் நேரம் வரும்வரை மூடியிருக்கும். ஒஸ்டியோசார்கோமாவில் பெரும்பாலும் பி53 வழி கெட்டிருக்கும், பலவற்றில் ஆர்.பி. வழியும் கெட்டிருக்கும். "அப்ப விதானையும் இல்ல, துருசும் உடைஞ்சிட்டு" என்றார் அப்பா. அவருக்கு விளங்கிவிட்டது.

பிறகு எலும்பு அரிப்புக்கு வந்தேன். நம் எலும்பில் எப்போதும் ஒரு வகைக் கலம் கட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு வகைக் கலம் அரித்துக்கொண்டிருக்கும். அரிக்கும் கலத்தை எழுப்பிவிடுகிற சைகை ஆர்.ஏ.என்.கே.எல். என்ற புரதம். கட்டி வந்த இடத்தில் அந்தச் சைகை அளவுக்கு மிஞ்சுகிறது. எலும்பு அரிக்கப்படும்போது அதற்குள் அடைந்து கிடந்த டி.ஜி.எஃப். பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வருகின்றன. அவை கட்டிக்கு உரமாகின்றன. கட்டி இன்னும் வளர்கிறது, எலும்பு இன்னும் அரிக்கிறது. இந்தச் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைந்து, "இந்தப் புரதத்திலதான் கட்டி வளருது" என்று சொன்னேன்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா அப்போது ஒரேயொரு கேள்வி கேட்டார். "புரதம் எண்டா என்ன டொக்டர்?"

வெளியே வரிசை நின்றது. "பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்களே அம்மா, முட்டை, மீன், பருப்பிலயெல்லாம் இரிக்கிறது" என்றேன். அவர் தலையாட்டினார். நான் அடுத்த கொப்பியை எடுத்தேன்.

மருந்து தொடங்கியது

மூன்று மருந்துகள்: டொக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட். 1970களுக்கு முன் இந்த நோய்க்குக் காலை வெட்டுவது மட்டுமே வழியாக இருந்தது. அப்படியிருந்தும் 10 பேரில் 8 பேர் வரை நுரையீரலில் நோய் வந்து இறந்தார்கள். மருந்துகள் சேர்ந்த பிறகு, பரவாத நிலையில் வருகிறவர்களில் 10 பேரில் 6, 7 பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள்.

மருந்துகளின் வேலையிலும் புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது. டொக்ஸோரூபிசின், டி.என்.ஏ.யின் முறுக்கை அவிழ்க்கும் டொப்போஐசோமரேஸ் என்ற புரதத்தை வேலையின் நடுவில் சிக்கவைக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட், கலம் புதிய டி.என்.ஏ. கட்டத் தேவையான போலேட்டைத் தயார்செய்யும் நொதியத்தை அடைக்கிறது. இது நல்ல கலத்தையும் அடைக்கும் என்பதால் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு லியூக்கோவோரின் கொடுத்து நல்ல கலங்களைக் காப்பாற்ற வேண்டும். மருந்து சிறுநீரில் இறங்கி முடிகிறதா என்று இரத்தத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஏறுகிற மருந்தில் ஒரு பங்கு இரத்தத்தில் அல்புமினோடு ஒட்டித்தான் ஓடுகிறது. அல்புமின் குறைந்தவர்களில் மருந்து வெளியேறப் பிந்துவது கவனிக்கப்பட்டிருக்கிறது.

முதல் சுற்றில் டொக்ஸோரூபிசினும் சிஸ்பிளாட்டினும். வாந்தி கடுமை, ஆனாலும் தாங்கினான். நான்காவது வாரம் மெத்தோட்ரெக்ஸேட் ஏறியது. மூன்று நாளில் இறங்கியிருக்க வேண்டிய மருந்து எட்டு நாள் எடுத்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டு மடங்காகியது. லியூக்கோவோரினைக் கூட்டி, நீட்டி, தண்ணீரை ஏற்றி அங்குள்ளவர்கள் அவனைக் காப்பாற்றினார்கள். வாயும் தொண்டையும் புண். ஐந்தாவது வாரத்து மருந்தைத் தள்ளிவைத்து, உடம்பைத் தேற்றும்படி எங்கள் வாட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்தபோது நிறை 42.4 கிலோ, அல்புமின் 27.

வாட்டில் திறந்த சாப்பாட்டுப் பெட்டி

முதலில் வழக்கமான காரணங்களைத்தான் தேடினோம். மெத்தோட்ரெக்ஸேட்டை உடம்பில் தங்கவைக்கிற நோக் குளிசைகள் வீட்டில் ஏதும் போட்டார்களா? இல்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் தேங்கியிருக்கிறதா? இல்லை. சிறுநீரில் புரதம் போகிறதா? இல்லை. சிஸ்பிளாட்டின் வாந்தியால் இளைத்தான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் வாட்டுக்குள் வரும்போது அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மேல் தட்டில் சிவப்பரிசிக் கஞ்சி. அடுத்ததில் அவித்த பூசணித்துண்டு, உப்பு மட்டும். கீழ்த்தட்டில் பப்பாசிப் பழம். பக்கத்துக் கட்டில் பிள்ளை ஆஸ்பத்திரி முட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். இவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு வந்த முட்டை கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் அப்படியே இருந்தது.

"முட்டை பிடிக்காதா தம்பி?"

அவனுக்கு வாய்ப்புண்ணால் பேசக் கஷ்டம். "பிடிக்கும். சாப்பிட்டா கட்டி வளருமாம்."

யார் சொன்னது என்று அம்மாவைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, குழப்பம்தான். "நீங்கதானே டொக்டர் சொன்னீங்க" என்று பையைத் திறந்து, பொலித்தீன் உறையில் மடிக்காமல் வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். நீலப் பேனையில் என் கையெழுத்து. "புரதம்" என்று எழுதி, அதிலிருந்து ஒரு தடித்த அம்புக்குறி. அம்பின் முனையில் கட்டி.

அந்தப் பக்கத்தை அவர் வீட்டில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற உறவுக்காரர் ஒருவரிடம் புரதம் உள்ள சாப்பாடு எவை என்று கேட்டு ஒரு பட்டியலும் எழுதி வாங்கியிருக்கிறார். முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர், பருப்பு, கடலை, கௌப்பி. ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார். புண்ணைக் கிளறும் கிரந்திச் சாப்பாடு என்று இறால், நண்டு, சூரை, கத்தரிக்காயை அம்மம்மா ஏற்கெனவே விலக்கியிருந்தார். வீட்டுக் கோழிகள் இட்டதெல்லாம் கடைக்குப் போனது. அந்தக் காசில்தான் ரயில் டிக்கெட். பிள்ளை பசியென்று அழுத இரவுகளிலும் பத்தியத்தை உடைக்கவில்லை என்று அம்மா சொன்னபோது அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கடைப்பிடித்தவர் அவர்.

எடுத்த முடிவுகள்

முதலில் அம்மாவிடம் பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. வாட்டில் எல்லாருக்கும் முன்னால் சொல்லாமல், தாதியர் அறையில் இருத்தி, அப்பாவையும் வரச்சொல்லி, கொப்பியை மேசையில் விரித்துவைத்துச் சொன்னேன். பிள்ளை இளைத்தது அம்மாவால் என்ற எண்ணம் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கக்கூடாது என்று நினைத்தேன்.

திரும்ப விளக்கும்போது தாய்மாமனின் வலை கைகொடுத்தது. முட்டையிலுள்ள புரதம் முட்டைப் புரதமாக இரத்தத்துக்குள் போவதில்லை. பழைய வலையைப் பிரித்து நூலாக்குவது போலக் குடல் அதைப் பிரித்து அமினோ அமிலங்களாக்கிவிடும். உடம்பு அந்த நூலை எடுத்துத் தனக்குத் தேவையானதைப் பின்னும். தசை, தோல், புண் ஆற்றும் சவ்வு, கிருமியை எதிர்க்கும் புரதம், அல்புமின். என்ன பின்னுவது என்பதை நூல் தீர்மானிப்பதில்லை, அந்தந்தக் கலத்தின் டி.என்.ஏ. தீர்மானிக்கிறது. முட்டை சாப்பிட்டால் ஆர்.ஏ.என்.கே.எல். அதிகரிக்காது. சாப்பிடாவிட்டால் பி53 திருந்தவும் மாட்டாது.

"அப்ப நூல் குடுக்காட்டி கட்டியும் பின்னாதுதானே?" என்றார் அம்மா. நல்ல கேள்வி. பலர் மனதில் இருக்கிற கேள்வியும் இதுதான். கட்டி காத்திருக்காது என்றேன். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்து நூல் எடுக்கும், கட்டி அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது பிள்ளை மட்டும்தான். சொன்னது போதாது என்று பட்டதால் அளவு நாடாவை எடுத்து, நோயில்லாத வலது தொடையை அம்மாவின் கையாலேயே அளக்கவிட்டேன். முதல் நாள் அளவைவிட 3 சென்டிமீற்றர் குறைந்திருந்தது. அம்மா நாடாவைச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் அழுதார்.

அடுத்தது சாப்பாடு. கிலோவுக்கு 1.5 கிராம் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய 65 கிராம் புரதம் என்று வைத்தோம். இரண்டு முட்டையில் 12 கிராம், 150 கிராம் மீனில் 30 கிராம், மீதி பருப்பிலும் பாலிலும் சோற்றிலும். இளைத்துக் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொட்டினால் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கும். ஆகவே பாதி அளவில் தொடங்கி ஒரு கிழமையில் கூட்டினோம், தினமும் இரத்தம் பார்த்தோம். சிஸ்பிளாட்டினால் மக்னீசியம் ஏற்கெனவே குறைவாக இருந்தது, அதையும் கொடுத்தோம். வாய்ப்புண் ஆறும்வரை எல்லாம் மசித்து, ஆறவைத்து.

அம்மம்மாவின் கிரந்திக் கணக்கோடு நான் மோதவில்லை. இறாலும் சூரையும் வேண்டாம் என்றால் வேண்டாம், கொடுவா சரியா என்று கேட்டேன். சரி என்றார். எருமைத் தயிரைப் பற்றி நானே ஒரு தடை போட்டேன். எங்கள் பகுதியின் சட்டித் தயிர் எனக்கும் உயிர். ஆனால் வெள்ளைக் குருதிக் கலம் குறைந்திருக்கும் நாட்களில் ஊரில் உறையவைத்த தயிர் வேண்டாம், காய்ச்சிய பால் கொடுங்கள் என்றேன். முட்டையும் அரைவேக்காடு கூடாது. இந்தத் தடைகளுக்குக் காரணம் கிருமி, புரதம் இல்லை என்பதைத் தனியாக இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும்போது திரும்பக் குழம்பலாம் என்ற பயம் எனக்கு வந்திருந்தது.

கட்டாரில் இருக்கிற சித்தப்பா புரோட்டீன் மா டின்னும் விற்றமின் குளிசையும் அனுப்பியிருந்தார். மா தேவைப்படவில்லை. குளிசையில் போலிக் அமிலம் இருந்தது, மெத்தோட்ரெக்ஸேட் ஏறுகிற பிள்ளைக்குக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் தொலைபேசியில் இன்னொன்றும் கேட்டார். ஆர்.ஏ.என்.கே.எல். புரதத்தையே பிடித்து நிறுத்துகிற டெனோசுமாப் என்ற ஊசி இருக்கிறதாமே, காசு அனுப்பட்டுமா? அந்த ஊசி இருப்பது உண்மை. எலும்பில் வரும் இராட்சதக் கலக் கட்டிக்கு அமெரிக்காவில் 2013 இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த நோயில் நன்றாக வேலை செய்கிறது. ஒஸ்டியோசார்கோமாவுக்கு அது நிலையான சிகிச்சை இல்லை. எலும்பு அரிப்பை வேறு வழியில் குறைக்கிற சொலெட்ரோனிக் அமிலத்தைப் பிரான்சில் இந்த நோய்க்குச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை. 2016 இல் முடிவு வந்தது. ஒரு புரதம் நோயில் பங்கெடுக்கிறது என்பதும், அதை அடைத்தால் நோய் நிற்கும் என்பதும் வேறு வேறு விஷயங்கள். அந்தக் காசை வீட்டுக்கும் ரயிலுக்கும் அனுப்பச் சொன்னேன்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி மகரகமவுக்கு அனுப்பினோம். என் விளக்கத்தால் வந்தது என்பதையும் அதில் எழுதினேன்.

பிறகு நடந்தது

மூன்று வாரத்தில் நிறை 44.6 கிலோ, அல்புமின் 35. அல்புமின் சாப்பாட்டால் மட்டும் ஏறி இறங்குவதில்லை, உடம்பில் அழற்சி இருந்தாலும் குறையும். வாய்ப்புண் ஆறியதும் அது ஏற ஒரு காரணம். ஆகவே முட்டை கொடுத்தோம், அல்புமின் ஏறியது என்று நேர்கோடு போட மாட்டேன். மெத்தோட்ரெக்ஸேட் பிந்தியதற்கும் அல்புமின் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த தடவை அதே மருந்து நான்கு நாளில் இறங்கியது.

கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர் நடந்த கிழமை சத்திரசிகிச்சை. திட்டமிட்டதைவிட மூன்று வாரம் பிந்தி. தொடை எலும்பின் கீழ்ப்பகுதியையும் முழங்கால் மூட்டையும் பயொப்சிப் பாதையோடு சேர்த்து எடுத்து, உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த கட்டியில் ஏறக்குறைய 85 சதவீதம் செத்திருந்தது. 90 சதவீதத்துக்கு மேல் என்றால்தான் நல்ல பலன் என்று கொள்வார்கள். தள்ளிப்போன மருந்து அந்த 5 சதவீதத்தில் பங்கெடுத்ததா என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன். விடை இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் இரண்டு மருந்து சேர்த்துப் பார்த்த சர்வதேச ஆய்வு ஒன்றில் பக்கவிளைவு கூடியதே தவிர நோய் திரும்புவது குறையவில்லை. ஆகவே அதே மூன்று மருந்தையே முடித்தார்கள்.

மாற்றியவை

கலத்துக்குள் இருக்கிறவற்றைப் பற்றிப் பேசும்போது "புரதம்" என்ற சொல்லை இப்போது நான் பாவிப்பதில்லை. பி53 காவல்காரன், ஆர்.ஏ.என்.கே.எல். சைகை. புரதம் என்றால் தட்டில் இருப்பது மட்டும். விஞ்ஞானப்படி இது குறை என்று ஒரு சக வைத்தியர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் எங்கள் மொழியில் இந்தச் சொல் முதலில் சாப்பாட்டு மேசையில்தான் போய் உட்கார்கிறது. கேட்கிறவர் அதை அங்கே வைத்துத்தான் விளங்கிக்கொள்வார்.

விளக்கி முடிந்ததும் "விளங்கிட்டா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். எல்லாரும் ஓம் என்பார்கள். "வீட்ட போய் அம்மம்மாவுக்கு இத எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கேட்கிறேன். அன்று அதைக் கேட்டிருந்தால் அந்த அரை நிமிடத்திலேயே பிழை வெளியே வந்திருக்கும். கொப்பியில் படம் வரைந்தால், என்ன சாப்பிடலாம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுகிறேன். கீமோவுக்குப் போய்வரும் ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்த்து, நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று தாதி எழுதுகிறார். "நல்லாச் சாப்பிடுறாரா" என்ற பழைய கேள்விக்கு அந்த அம்மாவே ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

மாறாதவையும் உண்டு. இரவில் எழுப்புகிற எலும்பு நோவோடு வருகிற பிள்ளைக்கு முதல் தடவையே எக்ஸ்ரே எடுப்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. பரியாரியார்மாரோடு பேசுவதற்கு எங்களிடம் ஒழுங்கான வழி ஒன்று இல்லை. நான் அந்தப் பரியாரியாரைப் போய்ப் பார்த்து நன்றி சொன்னேன். உருவக்கூடாத வீக்கம் எப்படி இருக்கும் என்று அவர் என் கையைப் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் இருவரை அனுப்பியிருக்கிறார். ஒருவருக்கு ஒன்றுமில்லை. மற்றவருக்கு எலும்பில் கிருமி, மருந்தில் சுகமானது.

இப்போது

மருந்து முடிந்து இரண்டு வருடம். பையன் ஒரு வருடம் பிந்தி சாதாரண தரப் பரீட்சை எழுதினான். நடக்கும்போது இடது காலை இலேசாக வீசி வைக்கிறான். பந்து விளையாடக்கூடாது, சைக்கிள் ஓடலாம். கடைசி நெஞ்சு சி.டி.யில் எதுவும் இல்லை. இந்த நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் சில வருடங்களில் என்பதால் இன்னும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நிறை 56 கிலோ. நாளுக்கு இரண்டு முட்டையை எடுத்துவைத்துவிட்டுத்தான் அம்மா மீதியைக் கடைக்குக் கொடுக்கிறார். அந்தக் கிளினிக் கொப்பி நிறைந்து புதுக் கொப்பி வந்துவிட்டது. பழையதைத் தருவீர்களா என்று கேட்டேன். தந்தார். அடுத்த சி.டி. தை மாதம். அப்பா இந்த முறையும் இரவு ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுக்கப் போகிறார்.